பிரெம் ஊரைத் தண்ணீரிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது எப்படி? மோசல் பள்ளத்தாக்குக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மோசல் ஆறு பிரான்ஸின் வோஜ் மலையில் பிறந்து 544 கிலோமீட்டர் ஓடி, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான் தூரம். ஆறு அதைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடுகிறது, அவ்வளவு வளைவுகள். அந்த வளைவுகளில் மிக இறுக்கமான ஒன்றின் இடக்கரையில் இருப்பது பிரெம். மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. ஊரை ஒட்டி எழும் கால்மோன்ட் மலைச்சரிவுதான் ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அறியப்படுகிறது.

சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் பக்கத்திலுள்ள கோகெம் நகரில் இறங்கி, கோட்டையைப் பார்த்து, படகில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டையை 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டது. இன்று நிற்பது 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் வணிகர் ஒருவர் தன் ரசனைப்படி எழுப்பிய கட்டடம். அழகுதான், ஆனால் ஆற்றோர ஊர் வாழ்க்கையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பிரெம்மில் கண்ணை இழுக்கும் கோட்டை கிடையாது. புதியவருக்கு அதுவே நல்லது.

இங்கே சொல்லும் வரிசை தண்ணீர், வீடு, ஊரின் ஆட்சி, சரிவும் உச்சியும், கடைசியில் கோப்பை. வரிசையை மாற்றாதீர்கள். நேரே ஒயினில் தொடங்கினால், அந்த விலை ஏன், அந்த ருசி ஏன் என்பது புரியாமலே போகும்.

எப்போது போவது

ஊரின் ஆண்டு திராட்சைக் கொடியின் ஆண்டு. குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் கொடியை வளைத்துக் கட்டுதல், ஜூன் வாக்கில் பூ, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை அறுவடை. பார்க்க வருபவருக்கு மே இறுதி, ஜூன் அல்லது அறுவடைக்காலம் ஏற்றது. அறுவடை வாரங்களில் அறைகள் முன்னதாகவே நிரம்பிவிடும். ஓரிரவுக்கு மட்டும் அறை தர மறுக்கும் வீடுகளும் உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

வார நடுவில் வருவதானால் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உணவகத்துக்கும் வார விடுமுறை நாள் உண்டு, பலருக்கு அது திங்களோ செவ்வாயோ. மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாலை ஐந்தரை, ஆறுக்குத்தான் மறுபடி பற்றவைக்கும் சமையலறைகளும் ஏராளம். மூன்று மணிக்குப் பசியோடு வந்து நிற்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. ஞாயிறன்று கடைகள் திறக்காது. தேவையானதைச் சனியன்றே வாங்கிவிடுங்கள்.

போய்ச் சேருவது

பிரெம்மில் ரயில் நிலையம் இல்லை. கோப்லென்ஸ்–ட்ரியர் பாதையில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஆர்பி 81 வண்டியில் ஏறி, எடிகர்-எல்லரிலோ நேஃபிலோ இறங்க வேண்டும். எல்லர் அதே கரையில், கால்மோன்டின் மறு முனையில் இருக்கிறது. நேஃப் எதிர்க்கரை, பாலம் உண்டு. விரைவு வண்டிகள் இந்தச் சிறு நிலையங்களில் நிற்பதில்லை என்பதால் ஏறுமுன் பலகையைப் பாருங்கள்.

கோகெமுக்கும் எல்லருக்கும் நடுவே ரயில் 4,205 மீட்டர் நீளச் சுரங்கத்தில் போகும். 1879-இல் திறக்கப்பட்ட அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஜெர்மனியின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. ஆற்றின் வளைவை மிச்சப்படுத்தத்தான் மலையைத் துளைத்தார்கள். ரயில் தவிர்த்துவிட்ட அந்த வளைவில் இருக்கும் பைல்ஷ்டைன் போன்ற ஊர்கள் பழைய வடிவிலேயே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் படி: ஆற்றங்கரைச் சுவர்கள்

ஊருக்குள் நுழையுமுன் கரையை ஒட்டிய வீட்டு மூலைகளையும் வாசல் தூண்களையும் பாருங்கள். மோசல் ஊர்களில் கல்லில் கோடு கிழித்து, பக்கத்தில் ஆண்டு பொறித்திருப்பார்கள். அவை வெள்ளக் குறிகள். 1784 பிப்ரவரியில் பனிக்கட்டிகள் உடைந்து வந்த வெள்ளத்தின் குறி, இருக்கும் இடங்களில் பெரும்பாலும் மற்றெல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். நினைவில் உள்ளவற்றில் பெரியது 1993 டிசம்பர். அப்போது ட்ரியர் அளவுகோலில் நீர் 11.28 மீட்டரைத் தொட்டது. பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1995 ஜனவரியில், மீண்டும் ஒன்று. குறிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் தோள் எங்கே வருகிறது என்று பார்த்தால் எண்களைவிடத் தெளிவாகப் புரியும்.

ஆறு இப்போது அசையாத ஏரி மாதிரித் தெரிவதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஜெர்மனி, பிரான்ஸ், லக்ஸம்பர்க் மூன்றும் 1956-இல் ஒப்பந்தம் போட்டு, ஆற்றைக் கப்பல் வழியாக்கி 1964-இல் திறந்தன. ஜெர்மன் பகுதியில் மட்டும் கோப்லென்ஸ் முதல் ட்ரியர் வரை பத்துக் கதவணைகள். அவை கப்பலுக்கு ஆழம் தருவதற்கானவை, வெள்ளத்தைத் தடுப்பதற்கானவை அல்ல. வெள்ளம் வந்தால் அணை திறந்துவிடப்படும், ஊர் நனையும்.

குளிர்காலத்தில் தங்குபவர் மாநில வெள்ள அறிவிப்புச் சேவையின் நீர்மட்டத்தைத் தினமும் பாருங்கள். கரையோர வாகன நிறுத்துமிடம்தான் முதலில் மூழ்கும். அக்கம்பக்கத்தார் காரை மேலே நகர்த்துவதைக் கண்டால் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் உங்களுடையதையும் நகர்த்திவிடுங்கள்.

இரண்டாம் படி: வீடுகளும் சந்துகளும்

வெள்ளத்தைப் பார்த்தபின் வீடுகள் தாமாகவே விளங்கும். பழைய ஒயின் வீட்டின் கீழ்த்தளம் சிலேட்டுக் கல்லில் கட்டியது. பிழியும் கூடமும் பீப்பாய்களும் அங்கே இருக்கும், குடும்பம் மேலே. அதற்கும் மேலே மரச்சட்டமும் மண்ணும் சேர்ந்த சுவர். கல் நனைந்தால் காயும், மண்சுவர் நனைந்தால் கரையும். பிரெம்மின் 17-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடான ஷ்டோர்ஹன்ஹவுஸ் நல்ல எடுத்துக்காட்டு. மோசலின் மரபான பீப்பாய்க்குப் பெயர் ஃபூடர், கொள்ளளவு ஏறத்தாழ 1,000 லிட்டர். காலி ஃபூடர் வெள்ளத்தில் மிதந்து சுவரை மோதும் என்பதால் அதை முட்டுக்கொடுத்து இறுக்குவது நிலவறை வேலையில் ஒரு பகுதி.

சந்துகள் ஏன் இவ்வளவு குறுகல்? விளையும் சரிவையும் விட முடியாது, மூழ்கும் கரையையும் நம்ப முடியாது. நடுவே கிடைத்த துண்டு நிலத்தில் ஊர் நெருக்கியடித்துக்கொண்டது.

மூன்றாம் படி: ஊர் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

வழக்கங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும், ஆனால் பலர் இதைக் கேட்பதில்லை. பிரெம் ட்ரியர் பேராயரின் ஆட்சியில் இருந்த ஊர், ஆகவே கத்தோலிக்கம். ஆற்றின் மேலே சற்றுத் தள்ளியுள்ள என்கிர்ஹ், ட்ராபன்-ட்ராபாஹ், கோப்லென்ஸ் பக்கம் உள்ள வின்னிங்கன் ஆகியவை ஷ்பொன்ஹைம் கோமகன்களின் ஊர்கள். 1557-இல் அவை புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறின. அதனால் ஒரு வளைவில் பார்த்த ஊர்வலத்தை அடுத்த வளைவில் தேடினால் இருக்காது. 'மோசல் வழக்கம்' என்று பொதுவாகச் சொல்பவர் சொல்வதைப் பாதிதான் நம்பலாம்.

பிரெம்மிலிருந்து எதிர்க்கரையைப் பாருங்கள். வளைவின் உள்ளே, கூரையில்லாத கல்சுவர்கள் தெரியும். அது 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஷ்டூபன் கன்னியர் மடம். நான்காம் சிலுவைப்போரில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து எடுத்துவந்த பைசாந்தியச் சிலுவைப் பேழையை ஒரு குதிரைவீரர் 1208-இல் இம்மடத்துக்குக் கொடுத்தார்; இப்போது அது லிம்புர்க் நகரில் இருக்கிறது. இடிபாட்டுக்கு நேஃபிலிருந்து கரையோரமாக நடந்து போகலாம்.

மடங்கள் போனதும் நிலம் கைமாறியது. 1794-இல் பிரெஞ்சுப் படை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் திருச்சபைத் தோட்டங்கள் ஏலத்துக்குப் போயின. பிரெஞ்சுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றது. ஏற்கெனவே துண்டுபட்டிருந்த தோட்டங்கள் தலைமுறைதோறும் மேலும் சிதறின. ஒரே குடும்பத்தின் நிலம் மலையில் பல இடங்களில், சில வரிசைகளாகக் கிடப்பதன் மூலம் இங்கே இருக்கிறது. 1815-இல் பிரஷ்யா வந்தது. முதலில் நல்ல விலை. பின் தெற்கு ஜெர்மன் ஒயின் சுங்கமின்றி உள்ளே வர, மோசல் விவசாயி கடனில் விழுந்தார். அந்த வறுமையைப் பற்றி 1843-இல் செய்தித்தாளில் எழுதியவர் ட்ரியரில் பிறந்த கார்ல் மார்க்ஸ். பொருளாதாரக் கேள்விகள் பக்கம் தன்னைத் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்று என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டார். 1926 பிப்ரவரி 25 அன்று பெர்ன்காஸ்டலில் திராட்சை விவசாயிகள் வரி அலுவலகத்தைத் தாக்கிக் கோப்புகளை வீதியில் எறிந்தார்கள். ஒயின் வரி அந்த ஆண்டே நீக்கப்பட்டது.

இன்னொன்றையும் தாண்டிப் போகக்கூடாது. பிரெம்மிலிருந்து ஆற்றின் கீழே இருக்கும் ப்ருட்டிக், ட்ரைஸ் ஊர்களில், முடிக்கப்படாத ரயில் சுரங்கம் ஒன்றில் ஆலை அமைக்க, 1944 மார்ச் முதல் செப்டம்பர் வரை நாஜிகளின் நாட்ஸ்வைலர் வதைமுகாமின் கிளை இயங்கியது. கிராமத்தின் நடுவிலேயே கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். எடிகரில் பழைய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. தொழ யூதக் குடும்பங்கள் இல்லை. அழகிய மரச்சட்ட வீடுகளைப் படமெடுக்கும் நாளில் இவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான்காம் படி: சரிவில் ஏறுவது

கால்மோன்டின் சாய்வு சில இடங்களில் 65 பாகையைத் தொடும். ஜெர்மனியில் 30 சதவீதச் சாய்வைத் தாண்டினாலே 'செங்குத்துத் தோட்டம்' என்று கணக்கு. இவ்வளவு வடக்கே, ஏறத்தாழ 50-ஆம் அட்சக்கோட்டில், திராட்சை பழுப்பதற்கு இந்தச் செங்குத்துதான் காரணம்: தெற்கு பார்த்த சரிவில் தாழ்ந்த சூரியனின் கதிர் நேராக விழுகிறது, கருஞ்சிலேட்டு பகலில் சூட்டை வாங்கி இரவில் விடுகிறது, கீழே ஆறு பனியுறைவைத் தணிக்கிறது. சிலேட்டு 40 கோடி ஆண்டுப் பழையது, கால் வைத்தால் வழுக்குவது.

கொடிகளைக் கவனியுங்கள். கம்பிவேலி இல்லாமல், ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம் நட்டு, இரண்டு தண்டுகளை இருபுறமும் வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். கம்பி இழுத்தால் சரிவில் குறுக்கே நடக்க முடியாது. தனிக் கம்பத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் போகலாம். தோட்டத்தைத் தாங்குவது சாந்து பூசாத சிலேட்டுச் சுவர்கள். நீர் கற்களின் இடுக்கில் வழிந்துவிடும், சுவர் நிற்கும். சாந்து பூசி அடைத்தால் பின்னால் நீர் தேங்கி ஒரு நல்ல மழையில் சுவரே வயிறு தள்ளிச் சரியும். ஆகவே சுவரின் மேல் ஏறாதீர்கள், நினைவுக்கென்று ஒரு கல்லையும் உருவாதீர்கள்.

ஒற்றைப் பல்தண்டவாளம் மேலே போவது தெரியும். மோனோராக் எனப்படும் அந்தச் சிறு வண்டிதான் ஆளையும் பழத்தையும் சுமக்கிறது. அது வருமுன் எல்லாம் முதுகுக் கூடையில். உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்காததால் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பல துண்டுகள் கைவிடப்பட்டுப் புதராயின. புதர் மண்டிய இடங்களில் பழைய சுவர்களை இன்றும் காணலாம்.

எல்லருக்கும் பிரெம்முக்கும் நடுவே சரிவின் குறுக்கே ஏணியும் இரும்பு வடமும் பொருத்திய பாதை ஒன்று உண்டு. சுமார் 3 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். செய்முறை இது:

1. பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். பாறை உருண்டால் பகுதி பகுதியாக மூடுவார்கள்.
2. கணுக்காலைப் பிடிக்கும் பள்ளமுள்ள காலணி கட்டாயம். மழை பெய்த அன்றும் மறுநாள் காலையும் தவிர்த்துவிடுங்கள்.
3. ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். வழியில் கடையும் இல்லை, நிழலும் அரிது. ஜூலை நண்பகலில் சிலேட்டே அடுப்பு. காலை ஒன்பதுக்கு முன் கிளம்புங்கள்.
4. தலைசுற்றல் உள்ளவர்களும் சிறு குழந்தையோடு வருபவர்களும் கீழ்ச்சாலையில் போகலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. குழந்தைக்கு இடுப்புக் கச்சையும் கொக்கிக் கயிறும் இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள்.
5. தடை நாடா கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். கோடையில் ஹெலிகாப்டரில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பார்கள், பெரும்பாலும் காலையில்.

மே இறுதி முதல் ஜூலை வரை வெள்ளைச் சிறகில் சிவப்புப் பொட்டு வைத்த பெரிய வண்ணத்துப்பூச்சி தெரிந்தால் அது மோசல் அப்போலோ. உலகில் இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் அந்த உள்ளினம் இல்லை. துரத்தாமல் நின்று பாருங்கள்.

உச்சிக்குப் போக பிரெம்மிலிருந்து தனிப் பாதை உண்டு. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 290 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மேலே ரோமானியர் காலத்து மலைக்கோயில் ஒன்றை அதன் அடித்தளத்தின் மேல் மறுபடி கட்டிவைத்திருக்கிறார்கள். வளைவு முழுதும் தெரியும் படத்துக்குப் பிற்பகல் வெளிச்சமே நல்லது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒயினின் பழமையை உணர விரும்புபவர் பிறகொரு நாள் பீஸ்போர்ட்டில் கண்டெடுத்த 4-ஆம் நூற்றாண்டுப் பிழியும் தொட்டிகளையும், ட்ரியர் அருங்காட்சியகத்தில் உள்ள நாய்மாகன் ஒயின் கப்பல் சிற்பத்தையும் பாருங்கள். ஆனால் ரீஸ்லிங் திராட்சை ரோமானியர் தந்ததல்ல. தரம் குறைந்த கொடிகளைப் பிடுங்கி நல்ல வகைகளை நட வேண்டும் என்று ட்ரியர் பேராயர் கிளெமென்ஸ் வென்ட்ஸெஸ்லாஸ் 1787-இல் இட்ட ஆணைக்குப் பிறகே அது இங்கே ஆட்சிக்கு வந்தது.

ஐந்தாம் படி: கோப்பை

வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் அந்த வீட்டு விவசாயி தன் ஒயினை வீட்டிலேயே ஊற்றித் தருகிறார் என்று பொருள். ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட் எனப்படும் இதற்கு உணவக உரிமம் வேண்டாம். பதிலுக்குச் சட்டம் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. ஆண்டில் நான்கு மாதம், அதுவும் அதிகபட்சம் இரண்டு பகுதியாக. 40 இருக்கைக்கு மேல் கூடாது. சொந்த ஒயின், எளிய சாப்பாடு. ஆகவே பியரும் நீண்ட உணவுப் பட்டியலும் எதிர்பார்க்காதீர்கள். இடம் இல்லாவிட்டால் ஏற்கெனவே ஆள் உள்ள மேசையில், கேட்டுவிட்டு உட்காருவது இயல்பு. பணம் ரொக்கமாக வைத்திருங்கள். கோப்பையை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்து 'த்ஸும் வோல்' சொல்வார்கள்.

குப்பி வாங்கும்போது பட்டையில் 'ட்ரோக்கன்' என்றால் உலர்ந்தது, லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை வரை. 'ஹால்ப்ட்ரோக்கன்' 18 வரை. 'ஃபைன்ஹெர்ப்' என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதுவும் எழுதாத குப்பியில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள்: 8, 9 சதவீதமென்றால் சர்க்கரை மிச்சமிருக்கிறது, 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உலர்ந்தது. ருசி பார்க்கும்போது உலர்ந்ததில் தொடங்கி இனிப்புக்குப் போங்கள். இனிப்பில் தொடங்கினால் அடுத்தது எல்லாம் புளிக்கும். துப்புவதற்குக் கலயம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆறேழு ஒயினைச் சுவைத்துவிட்டு வெறுங்கையோடு எழுவதைத்தான் நினைப்பார்கள்.

ஊரின் நாட்கள்

ஜனவரி 6-ஐ ஒட்டி மூவரசர் வேடமிட்ட பிள்ளைகள் வந்து, நிதி திரட்டி, நிலைக்கதவின் மேல் சுண்ணக்கட்டியால் ஆண்டும் மூன்று எழுத்தும் எழுதுவார்கள். அதை அழிக்கக்கூடாது, அடுத்த ஆண்டு வரை இருக்கும். சாம்பல் புதனுக்கு முந்திய வியாழனன்று, கார்னிவல் கொண்டாட்டத்தில், பெண்கள் ஆண்களின் கழுத்துப் பட்டியை (டையை) விளையாட்டாகக் கத்தரிப்பார்கள். அன்று நல்ல பட்டி அணிவது உங்கள் பொறுப்பு.

பெரிய வியாழன் இரவு முதல் ஈஸ்டர் திருவிழிப்பு வரை மணிகள் ரோமுக்குப் பறந்துவிட்டதாகச் சொல்லி அடிக்க மாட்டார்கள். கத்தோலிக்க ஊர்களில் பிள்ளைகள் மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றிக்கொண்டு சந்து சந்தாய்ப் போய் நேரம் அறிவிப்பார்கள், அதிகாலையிலும்தான். எழுப்பிவிட்டார்கள் என்று சன்னலைத் திறந்து கத்தாதீர்கள். கடைசியில் அவர்கள் கூலி கேட்டு வருவார்கள்: முட்டை, இனிப்பு அல்லது சில்லறை. ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

ஏப்ரல் 30 இரவு வாசலில் கிடக்கும் பூந்தொட்டி, பெஞ்சு, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள்; இல்லையென்றால் ஊர் இளைஞர்கள் குறும்புக்குத் தூக்கிப்போய்விடுவார்கள், காலையில் ஊர்ச் சதுக்கத்தில் தேட வேண்டியிருக்கும். ஈஸ்டருக்கு 60 நாள் கழித்து வியாழனன்று நற்கருணை ஊர்வலம். அது பொது விடுமுறை, சந்துகளில் பூவிதழ் கோலம் இருக்கும், மிதிக்காமல் ஓரமாகப் போங்கள். கோடையில் ஊர்க்கோயில் புனிதர் பெயரால் திருவிழா, பிறகு ஒயின் திருவிழா. அங்கே கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

நவம்பர் 1 கல்லறை நாள். விளக்கேற்றும் குடும்பங்களைப் படமெடுக்காதீர்கள். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளையொட்டிப் பிள்ளைகள் காகித விளக்கோடு, புனிதர் வேடமிட்ட குதிரைவீரரின் பின்னே நடந்து, தீமூட்டிய இடத்தில் ரொட்டி வாங்குவார்கள். அன்றைக்கு வீடுகளில் டெப்பெகூஹன்: துருவிய உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்த்து இரும்புச் சட்டியில் அடுப்பில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சுட்டது, தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். உருளைக்கிழங்கின் நீரைப் பிழியாவிட்டால் நடு வேகாது.

கொண்டுபோவது

செப்டம்பர், அக்டோபரில் வெங்காய அப்பத்தோடு ஃபெடர்வைஸர் விற்பார்கள். நொதித்துக்கொண்டே இருக்கும் கலங்கலான புது ஒயின் அது. இனிப்பாக இறங்கும், ஆல்கஹால் தெரியாமலே ஏறும், வயிற்றைக் கலக்கும். இரண்டு கோப்பையோடு நிறுத்துவது நல்லது. காரோட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.5 ப்ரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு), 21 வயதுக்குக் குறைந்தவருக்கும் ஓட்டுநர் உரிமம் புதிதாய்ப் பெற்றவருக்கும் பூஜ்யம். குப்பியின் மூடி வேண்டுமென்றே தளர்வாக இருக்கும், வாயு வெளியேற. அதை இறுக்கினால் குப்பி வெடிக்கலாம், பையில் படுக்கவைத்தால் எல்லாம் ஒழுகும். ரயிலில் கொண்டுபோவதானால் நிமிர்த்தி, காலுக்கிடையில், வாளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு அதை எடுக்கவே வேண்டாம். தக்கை அல்லது திருகு மூடியிட்டு முடித்த ரீஸ்லிங்கை ஆறு குப்பி அட்டைப்பெட்டியில் கேட்டு வாங்குங்கள்.